கல்லூரிப் படகும் அதன் மேனியும்

நம் கல்லூரி விலங்கியல் துறையினர் கடல்வாழ் உயிர்களைத் திரட்டுதற்குப் பயன்படுத்தும் பைபர் படகை அறியாத மாணவர் நம்முள் இலர். பதினெட்டடி நீளமுடைய அச்சிறு கலம் குமரிக் கடற்கரைச் சிற்றூர் ஒன்றில், பூவரச மரம் ஒன்றன் அருகே, மணல்மேல் கிடக்கின்றது. ஒருகால் ஆழ்ந்த நீலமாயிருந்த அதன் பக்கங்கள் இந்நாள் சாம்பல் பூசியவைபோல் வெளிறிக் காணப்படுகின்றன. அதனைக் கண்டு மனம் நொந்த பழைய மாணவர் சிலர், அடுத்த கல்லூரி நாளுக்குள் அதனை இயந்திரத்தால் தேய்த்து மெருகேற்றவும், மெருகு ஏறாதாயின் புது வர்ணம் பூசவும் பொருளுதவி செய்வதாக எழுதியிருக்கின்றனர். அவர்தம் அன்பை யார்தாம் பாராட்டாதிருப்பர்! ஆயினும், அப்பொருளை மெருகிற் செலவிடுதல் படகிற்கு நன்மையன்று என்பது நம் துணிபு. கொடுப்பாரைத் தடுப்பவர் என்னும் பழி நமக்கு வரினும் வருக. படகின் நிலையை நேரிற் கண்டவர் நாம். அன்றியும், அதன் மேனிக்கு ஒருமுறை தீங்கிழைத்தவரும் நாமே.

அவ்வரலாற்றை மறையாது கூறிவிடுதல் முறை. நாம் கல்லூரியிற் சேர்ந்த முதலாண்டில், கல்லூரி நாளுக்கு இரண்டு நாள் முன்னதாக, நாமும் தோழர் நால்வரும் நகரிலிருந்து மெருகிடும் இயந்திரம் ஒன்றை வாடகைக்குப் பெற்று, மோட்டார் வண்டிகளுக்கு உபயோகிக்கும் தேய்ப்புப் பசை ஒரு டப்பாவும் வாங்கிக்கொண்டு கடற்கரை சென்றோம். அண்டை வீட்டார் அன்புகூர்ந்து மின்சாரம் தந்தனர். படகைக் கழுவினோமா எனின், இல்லை. ஒரு வாளிக் கடல்நீரை அதன்மேல் வீசியதையே கழுவியதாகக் கொண்டோம். நேரமோ நண்பகல். பசையைத் தடவியவுடன் அது வெயிலிற் காய்ந்து இறுகிற்று. அதனைப் போக்க இயந்திரத்தை மேலும் அழுத்தினோம். சிறிது நேரத்தில் நீலம் ஒளிவீசத் தொடங்கவே, எம்முள் ஒருவர் அதில் முகம் பார்த்துத் தலைமயிரைச் சீர்செய்துகொண்டார்.

படகைக் காவல் செய்யும் முதியவர் சற்றுத் தொலைவில் வலைக்கண் பொத்திக்கொண்டிருந்தார். எழுந்து வந்து ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பின்பு அணியத்தின் கூரிய விளிம்பில் தம் பெருவிரலை வைத்து, “தம்பிமாரே, தோலை உரித்துவிட்டீர்களே!” என்றார். நோக்கினோம். உள்ளங்கையகலத்திற்கு நீலம் முற்றும் நீங்கி, வைக்கோல் சிதறினாற்போலக் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்த கண்ணாடி நார் வெளிப்பட்டிருந்தது. கல்லூரி நாளன்று அவ்விடத்தின்மேல் மாலையொன்றைத் தொங்கவிட்டு மறைத்தோம். வந்திருந்தோர் படகின் பொலிவை வியந்தனர். அவ்வியப்புரைகளைக் கேட்கக் கேட்க எமக்கு நாணமே மிகுந்தது.

அம்முதியவர் ‘தோல்’ என்றது உவமை மாத்திரமன்று, உள்ளபடியான உண்மை. பைபர் படகு கட்டப்படும் முறையை நோக்கின் இது விளங்கும். மரக்கலம் கட்டுவோர் உள்ளிருந்து வெளியே வருவர். முதலில் எலும்பு, பின்பு பலகை, இறுதியில் எண்ணெயோ வர்ணமோ. பைபர் படகு கட்டுவோரோ வெளியிலிருந்து உள்ளே செல்வர். முதற்கண் படகின் வடிவமுள்ள அச்சு ஒன்று வேண்டும். அதன் உட்புறத்தைக் கண்ணாடிபோல் மெருகிட்டு, கலம் ஒட்டாமல் பிரிந்து வரும்பொருட்டு மெழுகைப் பலமுறை பூசுவர். அதன்மேல் வண்ணம் கலந்த பாலியெஸ்டர் ரெசினை ஒருபடித்தாகத் தெளிப்பர் அல்லது தூரிகையால் தடவுவர். இதற்கு ஜெல்கோட் என்று பெயர். அது பதமாக இறுகிய பின்னரே கண்ணாடி நார்ப் பாய்களை விரித்து, ரெசினை ஊட்டி, உருளையால் அழுத்திக் காற்றுக்குமிழிகளை வெளியேற்றுவர். யாவும் இறுகியபின் அச்சினின்று படகைப் பிரித்தெடுப்பர். ஆகவே, நாம் காணும் பளபளப்பு மேலே பூசப்பட்டதொன்றன்று. அச்சின் வழவழப்பே படகிற் பதிந்தது. தாயின் சாயல் மகவுக்கு வாய்த்தது போல்வது அது. அச்சை விட்டுப் பிரிந்தபின் படகிற்கு அதனை மீண்டும் அவ்வாறே அளிக்கவல்லார் எவருமிலர்.

இனி, அந்த ஜெல்கோட்டின் கனந்தான் யாது? பொதுவாக ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். அச்சிடுங் காகிதத்தில் ஐந்து தாள்களை அடுக்கினால் எவ்வளவோ அவ்வளவே. விளிம்புகளிலும் மூலைகளிலும் அது இன்னும் மெலிந்திருத்தலும் உண்டு. நீரினின்றும் வெயிலினின்றும் உள்ளிருக்கும் நாரைக் காப்பது பெரும்பாலும் இவ்வரை மில்லிமீட்டரே. தேய்ப்புப் பசை என்பதோ நுண்ணிய உராய்வுத் தூள் கலந்த குழம்பு. அது பளபளப்பைக் கொணர்ந்து சேர்ப்பதில்லை. மேலே கெட்டுப்போன பகுதியை அறுத்து நீக்கி, அடியிலிருக்கும் கெடாத பகுதியைக் காட்டுகிறது. ஒவ்வொரு கல்லூரி நாளுக்கும் ஒருமுறை மெருகிடுவோமாயின், ஒவ்வோராண்டும் முதலிலிருந்து சிறிது எடுத்துச் செலவு செய்கிறோம் என்பதே பொருள். வட்டியில்லாத முதல் எத்தனை நாளைக்கு வரும்? பொருளாதாரம் பயிலும் நண்பர்கள் கணக்கிட்டுச் சொல்வார்களாக.

நிற்க. மேனி வெளிறுவது ஏன் என்பதையும் ஆராய்தல் வேண்டும். நோய்முதல் அறியாது மருந்து கொடுத்தல் தகாதன்றோ? ஞாயிற்றின் புறஊதாக் கதிர்கள் ரெசினின் மேற்பரப்பிலுள்ள அணுக்கூட்டங்களின் பிணைப்பை அறுக்கின்றன. காற்றிலுள்ள பிராணவாயுவும் அதற்குத் துணைசெய்கின்றது. அவ்வாறு சிதைந்த மேற்பரப்பு நுண்துகளாகி, சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்வதுபோலக் கையில் ஒட்டும். கறுப்புத் துணியொன்றால் துடைத்தால் வெண்பொடி தெரியும். வெளிர்நிறப் படகில் இது அவ்வளவாகத் தோன்றாது. நீலம், சிவப்பு முதலிய அடர்ந்த நிறங்களிலே உடனே புலப்படும். நம் கடற்கரையோ வடக்கு அட்சரேகை 8 பாகையை ஒட்டியது. ஆண்டில் இருமுறை ஞாயிறு நம் உச்சிக்கு நேரே நிற்கின்றது. இங்கு நிழலின்றிக் கிடக்கும் நீலப்படகு வெளிறாதிருந்தால் அன்றோ வியப்பு! நம் படகு பூவரசின் அருகே கிடக்கின்றதேயன்றி அதன் நிழலிற் கிடக்கவில்லை. காலையில் ஒரு நாழிகை மட்டுமே நிழல் அதன்மேல் விழக் கண்டிருக்கிறோம்.

இவ்விடத்தில் மீனவ நண்பர்கள் ஒரு தடை கூறுவர். “மீன் எங்கள் படகின் அழகைப் பார்த்தா வலைக்கு வருகிறது? நாள்தோறும் மணலில் இழுத்து ஏற்றும் படகிற்கு மெழுகும் மெருகும் எதற்கு?” என்பர். அவர் கூற்றில் பெரும்பகுதி உண்மை. மணலில் உரசும் அடிப்பாகத்திற்கு மெழுகு வீணேயாம். அவர்கள் அடிப்பாகம் தேய்ந்தவிடத்துப் புதிய நார்ப்பாயும் ரெசினும் இட்டுத் தடிப்பேற்றிக்கொள்கின்றனர். அஃதே அதற்குரிய மருந்து. ஆனால், ‘மரம் அழுகும், பைபர் அழுகாது, ஆதலின் அதற்கு யாதொரு பராமரிப்பும் வேண்டா’ என்று சிலர் கூறுவதை நாம் ஒப்புக்கொள்ளமாட்டோம். கட்டுமரம் ஓட்டியோர் கரை சேர்ந்ததும் கட்டவிழ்த்து மரங்களை உலர்த்தினர். வள்ளம் வைத்திருந்தோர் மீனெண்ணெயும் முந்திரிக்கொட்டை எண்ணெயும் பூசிப் பலகையைக் காத்தனர். பின்னர் 1980-களில் முட்டத்தில் ஒட்டுப்பலகை வள்ளங்கள் கட்டப்பட்டன. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை கரையிலிருந்த கலங்களைச் சிதைத்தபின், நிவாரணமாக வழங்கப்பட்டவற்றுள் பைபர் படகுகள் மிகப் பல. புதுப்பொருள் வந்த வேகத்தில் பழைய பராமரிப்பு வழக்கம் கைநழுவிற்று. புதிய பொருளுக்குரிய வழக்கமோ உடன் வரவில்லை. ஜெல்கோட்டின் வழியாக நீர் சிறிது சிறிதாக ஊடுருவும் என்பதும், நெடுநாள் நீரிலேயே கிடக்கும் கலங்களில் அது உள்ளே தங்கிக் கொப்புளங்களாக எழும் என்பதும் படகு கட்டுவோர் நன்கறிந்தவை. நம் படகு கரையில் உலர்வதால் கொப்புளத்திற்குத் தப்பியது. வெயிலுக்கோ தப்பவில்லை.

ஆயின் செய்யத்தக்கது யாது எனின், கழுவுதல் என்போம். இவ்வெளிய சொல்லைக் கேட்டுப் படிப்போர் நகைக்கலாம். ஆயினும் இதனை ஒழுங்காகச் செய்தவர் நம்முள் எத்துணைப் பேர்? கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு கரைந்துள்ளது. நீர் ஆவியாகப் போய்விடும். உப்பு படகின்மேல் படிகமாக நின்றுவிடும். அதனோடு மணலும் கூடுகிறது. இவற்றை உலர்ந்த துணியால் துடைப்பது உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமானமே. ஆதலின் துடைக்குமுன் நன்னீரைத் தாராளமாக ஊற்றி உப்பைக் கரைத்து ஓடவிடல் வேண்டும். இதில் அவசரங் கூடாது. பின்பு காரமில்லாத சோப்பைக் கரைத்து, மெல்லிய கடற்பஞ்சாலோ பருத்தித் துணியாலோ கழுவி, சோப்பு காயுமுன் மீண்டும் நன்னீர் விட்டு, இறுதியில் ஈரத்தை ஒற்றியெடுக்க வேண்டும். தேங்காய் நாரும், பாத்திரம் துலக்கும் கம்பிச்சுருளும் வேண்டவே வேண்டா. சலவைச் சோடாவும் பிளீச்சிங் பவுடரும் அழுக்கை விரைவிற் போக்குமென்பது மெய். இட்டிருந்த மெழுகையும் உடன் கொண்டுபோய்விடும். ஒருமுறை கடல் சென்று வந்தால் ஒருமுறை கழுவுதல் என்பதே விதி. நம் துறையினர் படகைக் கடலிலிருந்து கொணர்ந்ததும், பிடித்த உயிர்களைப் புட்டிகளில் அடைப்பதில் காட்டும் கவனத்தில் நாலிலொரு பங்கைப் படகின்மேல் காட்டினும் போதும். ஆசிரியர்கள் இதனைக் குற்றமாகக் கொள்ளாதிருக்க வேண்டுகிறோம்.

கறைகளைப்பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆணி, கொக்கி முதலியவற்றின் துரு வழிந்த இடத்திற்கு ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் பயன்படும். பித்தளைக்குப் புளி எப்படியோ, துருவுக்கு இஃது அப்படி. அது நஞ்சாதலின் ரப்பர்க் கையுறை அணிந்து, சிறிது நேரத்தில் மிகுந்த நீரால் அலசிவிட வேண்டும். இரசாயனத் துறையினர் உடனிருந்தால் நலம்.

இனித் தேய்த்தல். அதனை அறவே விலக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. வெண்பொடி பூத்த மேனியின்மேல் மெழுகிட்டாலும் அப்பொலிவு நெடுநாள் நில்லாது. அப்பொடியை ஒருமுறை நீக்கியே தீரல் வேண்டும். ஆனால், எது மிகவும் மென்மையானதோ அதனையே முதலிற் கையாண்டு பார்க்க வேண்டும். நாம் சென்ற திங்களில் விலங்கியல் ஆசிரியர் ஒருவர் முன்னிலையில், படகின் அமரத்தருகே ஒரு கையகல இடத்தைக் குறித்துக்கொண்டு, நன்கு கழுவி, மிக நுண்ணிய மெருகுப் பசையை ஈரத்துணியிலிட்டுக் கையாலேயே தேய்த்தோம். சில நிமிடங்களில் பழைய நீலம் தோன்றிற்று. ஆகவே தோல் இன்னும் உள்ளது. இயந்திரத்திற்கும், முரட்டுப் பசைக்கும், 600-ஆம் எண் உப்புத்தாளுக்கும் இப்போது வேலையில்லை. என்றேனும் இயந்திரம் வேண்டப்படின், காலை நிழலில், குறைந்த வேகத்தில், ஓரிடத்தே நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே செலுத்த வேண்டும். விளிம்புகளைக் காகித நாடா ஒட்டி மறைத்துவிட வேண்டும். எழும் தூசியை மூக்கிற் செல்லவிடாது துணிமுகமூடி அணிதல் இன்றியமையாதது. இவ்விதிகளுள் ஒன்றையேனும் நாம் முதலாண்டில் அறிந்திலோம்.

அணியத்து விளிம்பிற் செய்த காயத்தை ஆற்றிய கதையும் ஒருவகையில் பாடமே. அண்டையூரில் படகு கட்டுவோர் ஒருவர் சிறிது நீல ஜெல்கோட் தந்தார். பூசினோம், மறுநாட் காலையிலும் அது பிசுபிசுவென்றே இருந்தது. காற்று படும் மேற்பரப்பில் இந்த ரெசின் முற்றும் இறுகாது, பிராணவாயு அதனைத் தடுக்கும் என்றும், மேலே வழவழப்பான பிளாஸ்டிக் தாளை ஒட்டிக் காற்றை விலக்க வேண்டும் என்றும் அவர் சொல்லித்தந்தார். அவ்வாறே சுரண்டி எடுத்து இரண்டாம் முறை செய்தோம். இறுகிற்று, ஆனால் நிறம் ஒத்துவரவில்லை. இன்றும் அணியத்தை உற்று நோக்குவோர் அப்புதிய நீலத்தைக் காணலாம்.

தேய்த்து நீலம் கண்ட அன்றே மெழுகிடல் வேண்டும். இன்றேல் திறந்த தோலை வெயிலுக்கே விருந்தாக்கியவராவோம். இதற்குச் சிறந்ததாகப் பழகிவரும் மெழுகுகளுள் ஒன்று பிரேசில் நாட்டின் வடகிழக்கே வளரும் கார்னோபா என்னும் பனையினத்தின் ஓலையிலிருந்து வருவது. வறட்சி மிகுந்த அந்நிலத்தில், ஓலையின் ஈரம் வற்றாதிருக்க அம்மரம் தானே தன்மேல் பூசிக்கொள்ளும் மெழுகு அது. ஓலைகளை வெட்டி உலர்த்தி அடித்துப் பொடியாக உதிர்த்தெடுக்கின்றனர். தேன்மெழுகு 65 பாகைக்கு உள்ளாகவே உருகிவிட, இஃது செல்சியஸ் 80 பாகைக்கு மேல் சென்றே உருகும். ஆதலின் நம் வெயிலில் எளிதில் வழியாது. இரசாயன முறையில் ஆக்கப்பட்ட பூச்சுகளும் இக்காலத்துப் பல உள. எதுவாயினும் முறை ஒன்றே. மெல்லிதாகத் தடவி, புகைபடர்ந்தாற்போல் உலரும்வரை பொறுத்து, சுத்தமான துணியால் துடைத்தெடுக்க வேண்டும். தடித்த பூச்சு ஒன்றினும் மெல்லிய பூச்சு இரண்டு நன்று. இம்மெழுகும் நிலையானதன்று, சில திங்களில் வெயிலும் நீரும் அதனைத் தின்றுவிடும். தோலுக்கு மாற்றாகத் தான் தேய்வதே அதன் தொழில். தண்ணீரைத் தெளித்தால் முத்துமுத்தாக உருளாமல் பரந்து நனையுமாயின், மீண்டும் இடும் காலம் வந்ததென அறியலாம். மாணவர் கால்வைத்து நிற்கும் மேல்தளத்திற்கு மட்டும் மெழுகிடவே கூடாது. அலையில் ஆடும் படகில் வழுக்கி விழுவாரைப் பிடிப்பது எளிதன்று.

வர்ணம் பூசுதல்பற்றி ஒரு சொல். தோல் முற்றும் தேய்ந்து நார் தெரியும் படகிற்கு வர்ணமே கதி, அதனை மறுப்பாரில்லை. நம் படகு அந்நிலையை அடையவில்லை. வர்ணம் பிடிக்கும்பொருட்டு இருக்கும் தோலை உப்புத்தாளால் சொரசொரப்பாக்க வேண்டும். பின்பு மணலில் இழுபட்டு அவ்வர்ணம் உரியுந்தோறும் மீண்டும் மீண்டும் பூச வேண்டும். வேண்டாத கடமை ஒன்றை வலிய ஏற்றுக்கொள்வானேன்?

ஆகவே, பழைய மாணவர்களை நாம் வேண்டுவது இதுவே: தாங்கள் மெருகிற்கென ஒதுக்கிய பொருளைக் கொண்டு, கடற்கரையில் நன்னீர்த்தொட்டி ஒன்றும் அதிலிருந்து படகுவரை ரப்பர்க் குழாயும் அமைத்துத் தருக. இப்பொழுது நன்னீர் வேண்டின் ஊர்க்கிணற்றிலிருந்து சுமந்து வர வேண்டியிருக்கிறது. கழுவாது விடுவதற்கு அதுவே காரணம், சோம்பல் மட்டுமன்று. மிஞ்சும் பொருளில் நான்கு கால்நட்டு மேலே ஓலைக்கூரை ஒன்று. தார்ப்பாயாற் போர்த்தலாமே எனின், காற்றில் அது அடித்துக்கொண்டு மணலோடு சேர்ந்து படகையே தேய்க்கும்; கூரையே மேல். கல்வெட்டில் பெயர் பொறிக்க வேண்டுமாயின் தொட்டியின் சுவரில் இடமுண்டு. படகு இவ்வாண்டுக் கல்லூரி நாளன்று முகம் தெரியப் பளபளக்காது. வெளிறிய நீலமாகவே நிற்கும். அதற்காக நாணுவோர் அதன் அருகே நிற்க வேண்டா.

தொட்டி வரும்வரை வாளியே துணை. கையால் தேய்த்துப் பார்த்த அக்கையகல இடத்திற்கு மெழுகிட்டு வைத்திருக்கிறோம்; எஞ்சிய மேனியைக் கோடை விடுமுறைக்குள் சிறிது சிறிதாகக் கையாலேயே முடித்துவிடலாம் என எண்ணுகிறோம். சனிக்கிழமைதோறும் காலை ஆறரை மணிக்கு, வெயில் ஏறுமுன், படகு கழுவப்படுகின்றது. வாளிகள் நான்கு உள. கழுவுவோர் இப்போதைக்கு மூவர்.